அப்பாவுக்குச் சுருட்டிய பாய்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் ஜெயபாய் அக்கா எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா வீட்டு முன்னறை. நாற்காலியில் பெரியம்மா ஞானபாக்கியம். பக்கத்தில் அவருடைய தங்கச்சி, அதாவது என் அம்மா அன்னத்தாய். அப்புறம் பெரியம்மா பிள்ளைகள் காமராஜ் அண்ணனும் ஜெயபாய் அக்காவும், அவர்கள் குடும்பங்களும். எல்லாரும் புதுத்துணி. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் சுவிட்ச் போர்டு தெரிந்தது.

கீழே அக்காவின் குரல்: "ஏலே, அது ஒனக்கு விட்ட எடம். முழு ஆளா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. காமராஜ் மவன் போன்லயே ஒட்டித் தந்துருவான். ஒட்டுனதே தெரியாது, பாத்துக்கோ."

நான் ஷார்ஜாவில் மீன் பெட்டி அடுக்கும் குளிரறையில் வேலை பார்க்கிறேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனிடம் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. கையால் எழுதுகிற தெம்பு இல்லை. அதனால் அங்கங்கே வாக்கியம் பாதியில் நிற்கும். பஸ் இறங்கும் இடம் வந்திருக்கும், இல்லையென்றால் எனக்கே தெரியாமல் கண் சொருகியிருக்கும். அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஒட்டினதே தெரியாது என்று அக்கா சொன்னாள் அல்லவா, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அதே முன்னறையில், அதே சுவரில், ஒரு மனிதரை வருடா வருடம் ஒட்டியிருக்கிறார்கள். அவர் பெரியப்பா பொன்னுராஜ். அந்தக் கதையைச் சொல்லி முடித்தால்தான் என் போட்டோவை அனுப்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியும்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "1985 டிசம்பர். மடவார் வளாகம் பக்கத்துத் தெருக்களில் பனி இறங்கிக்கொண்டிருந்தது."

அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "எந்தப் பனி? மத்தியானம் மூணு மணிக்குல்லா போட்டோக்காரரு வருவாரு. மூஞ்சில போட்ட பவுடரு வேர்வையில வழியும்" என்றாள். பனி போயிற்று.

இரண்டாவது தொடக்கம்: "ஞானபாக்கியம் கைவிடப்பட்ட பெண்—"

இதை நான் முடிக்கவில்லை. அம்மா முடிக்க விடவில்லை. "அந்த வார்த்தைய எங்கக்கா முன்னாடி ஒருத்தரும் சொன்னது கெடையாது. நீ மொத ஆளா சொல்லாத."

மூன்றாவதாகப் போட்டோக்காரரிடமிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். அதுவே சரி என்று படுகிறது. அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை. அசதி மட்டும்தான் இருந்தது. எனக்கும் அது புரிகிறது.

3

போட்டோக்காரர் சமுத்திரத்துக்கு ராஜபாளையத்தில் ஸ்டூடியோ. வருடம் முழுக்க பாஸ்போர்ட் படமும் கல்யாணமும். டிசம்பர் கடைசி வந்துவிட்டால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போவார். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்தவ வீடுகள், அது முடிந்து பொங்கல் வரைக்கும் மற்ற வீடுகள். மில் முதலாளி வீட்டில் காரின் மேல் சாய்ந்து நிற்கிற பிள்ளைகள், சேத்தூரில் மாட்டோடு நிற்கிற பிள்ளைகள். தோளில் கேமரா பை, கக்கத்தில் மூன்றுகால் ஸ்டாண்டு, கையில் பிளாஷ் குடை. பின்னால் கட்ட ஒரு நீலப் போர்வை.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தட்டு வரும். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கேக். வேண்டாம் என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அந்த முகம் அப்படியே படத்தில் விழும். அதனால் எல்லா வீட்டிலும் தின்பார். பெரியம்மா வீட்டுக்கு வரும்போது அவருக்கு நெஞ்சு வரைக்கும் இனிப்பு ஏறியிருக்கும். "சிரிக்கவெல்லாம் வேண்டாம் பிள்ளைகளா. அழாம நின்னா போதும், எனக்கு அது போதும்" என்பாராம்.

அந்த வருடம் பெரியப்பா வீட்டில் இல்லை. ராஜபாளையத்தில் அவர் வேலை பார்த்த மில் மூடிக்கிடந்தது. முந்தின வருடம் தறி வேலைக்கு என்று பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு நின்றது. பெரியம்மா பேண்டேஜ் துணி செய்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது கல்யாணமாகாத என் அம்மா, அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வந்தாள். ஜெயபாய் அக்கா அப்போது தவழ்ந்து முடித்து நடக்கிற பிள்ளை. அப்பா முகம் தெரியாது.

இனி அம்மா சொன்னபடி.

பெரியம்மா பிள்ளைகளை நிறுத்திவிட்டுச் சொன்னாராம்: "அண்ணாச்சி, அவியளையும் சேத்து எடுக்கணும்."

"எடுத்துட்டாப் போச்சி. எங்க இருக்காக, குளிக்காகளா?"

பெரியம்மா சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

சமுத்திரம் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். கோட்டும் டையும் போட்ட ஒல்லி ஆள். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் பெரியம்மா. வீடு வீடாகப் போகிறவருக்கு எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்திருந்தது.

"ஒட்டிரலாம் தங்கச்சி. வெட்டி, ஒட்டி, அத மறுபடி படம் எடுத்துட்டா ஒண்ணும் தெரியாது. ஆனா மாப்ளைக்கு இந்தப் பக்கத்துத் தோளு கெடையாது. கல்யாணத்துல ஒம் பின்னால மறைஞ்சு நின்னுட்டாரு. அதனால நீ எப்பவும் அவருக்கு எடது பக்கந்தான் நிக்கணும்."

"நிக்கேன்."

"எடம் எம்புட்டு விடணும்னுதான் தெரியல. ஆளு மொத்தத்துக்கு ஒரு சாமான் இருந்தா நிறுத்திப் பாக்கலாம்."

நாற்காலியைப் போட்டார்கள். காமராஜ் அண்ணன் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியில் மூலையில் கிடந்த கோரைப்பாயை அம்மா சுருட்டிக் கொண்டுவந்தாள். உயரம் போதவில்லை. முக்காலியின் மேல் நிறுத்தினார்கள். சரியாக ஓர் ஆள்.

பாய் தானாக நிற்காது. அதனால் படத்துக்கு வெளியே நின்று அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். சமுத்திரம் விதி சொன்னார்: "எல்லாரும் பாயை ஒட்டி நில்லுங்க. நான் ரெடின்னு சொன்னதும் அன்னம், நீ பாயையும் முக்காலியையும் வெளிய இழுத்துரு. மத்தவங்க அசையப்பிடாது. எடம் அப்பிடியே இருக்கணும். பொறவு அமுக்குவேன்."

அப்படித்தான் எடுத்தார்கள். பொங்கலுக்கு முன் படம் வந்தது. பெரியப்பா கோட்டு சூட்டோடு குடும்பத்தின் நடுவில் நின்றார்.

ஏன் இந்தப் பாடு என்று அம்மா கேட்டாளாம். பெரியம்மா சொன்ன பதில் ஒன்றுதான். "இந்தப் பிள்ள நாளைக்கு எங்கப்பா யாருன்னு கேட்டா காட்டுததுக்கு ஒரு மூஞ்சி வேணும்லா. தனியா நிக்க மூஞ்சிய காட்டுனா செத்துப் போனவுக படம் மாதிரி இருக்கும். கூட நிக்கட்டும்."

(இந்த இடத்தில் பஸ் நின்றுவிட்டது. இறங்க வேண்டும். நாளைக்குத் தொடர்கிறேன் என்று சொன்னேன், அதையும் போன் எழுதிவிட்டது.)

4

அதற்குப் பிறகு வருடந்தோறும் பாய் வந்தது.

பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. கிறிஸ்மஸ் காலையில் வேதக் கோவிலுக்குப் போய்விட்டு வந்ததும் காமராஜ் அண்ணனே பாயைச் சுருட்டுமாம். ஜெயபாய் அக்கா அதன் மேல் சாய்ந்து நிற்கும். ஒருமுறை பாய் நழுவிச் சாய்ந்தது. "சித்தி, அப்பா விழுந்துட்டாரு!" என்று அக்கா கத்த, சமுத்திரம் கேமராவை விட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தாராம். பெரியம்மாவும் சிரித்தார் என்று அம்மா சொல்கிறாள். "சிரிக்காம என்ன செய்ய? பாய்தான விழுந்துச்சி."

பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெரியம்மாவுக்குக் காதோரம் நரைத்தது. பெரியப்பா அப்படியே இருந்தார். பக்கத்து வீட்டு மாடத்தி வந்து சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி ஞானம், ஒம் மாப்ளைக்கு மட்டும் வயசே ஏற மாட்டேங்குதே. என்ன சோப்பு போடுதாரு? கேட்டுச் சொல்லு, எங்க வீட்டாளுக்கும் வாங்கணும்."

"பிவண்டியில விக்குதாம்" என்றார் பெரியம்மா.

கலர் வந்த வருடம் பெரிய தொல்லையாகிவிட்டது. எல்லாரும் கலரில் நிற்க, பெரியப்பா மட்டும் கறுப்பு வெள்ளை. சமுத்திரம் சின்னத் தூரிகையால் அவருக்குக் கன்னத்தில் சிவப்பும் கோட்டுக்கு நீலமும் தீட்டிக் கொண்டுவந்தார். "கொஞ்சம் கூடிப்போச்சி தங்கச்சி, அசதி" என்றார். அந்தப் படத்தில் பெரியப்பா காய்ச்சலில் இருக்கிறவர் மாதிரி சிவந்திருக்கிறார்.

ஒரு விஷயம். இந்தப் படங்கள் எதிலும் என் அம்மா இல்லை. எல்லா வருடமும் அந்த வீட்டில் இருந்தவள் அவள். பாயைப் பிடித்துக்கொண்டு, படத்துக்கு ஒரு முழம் வெளியே இருந்தாள்.

5

இந்த ஐந்தாம் பகுதியில் முதலில் பெரியப்பா ஏன் கடிதம் போடவில்லை என்று எழுதியிருந்தேன். "பிவண்டியில் அவருக்கு வேறொரு—" என்று ஒரு வரைவு. "தறியில் விரல் போய், அந்தக் கையோடு ஊருக்கு வர—" என்று இன்னொன்று. இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன்.

"கூட இருந்த எங்களுக்கே தெரியாதது ஒனக்கு எப்பிடிடே தெரியும்? அவுக கடைசி வரைக்கும் சொல்லல. அக்காவும் கேக்கல. நீ அங்க குளிருல இருந்துக்கிட்டு புதுசா ஒரு பொம்பளைய கொண்டுவராத."

சரி. பெரியப்பாவை எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வீட்டில் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும் முதலில் எழுந்துவிடுவார். விரல்கள் பத்தும் இருந்தன. என்ன மாதிரி ஆள் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வரவில்லை. கதாபாத்திரமாக வைத்துப் பார்த்தால் இன்னும் மோசம். ஒட்டின படத்தில் இருக்கிற கோட்டுக்காரர்தான் எழுத வருகிறார். இவர் வர மாட்டேன் என்கிறார்.

(வெளியூரில் இருக்கிறவன் என்பதால் ஒன்று மட்டும் ஊகிக்க முடிகிறது. ஒரு வாரம் வீட்டுக்குப் பேசாமல் விட்டால் அடுத்த வாரம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் யோசிப்பதற்குள் இன்னொரு வாரம் போய்விடும். அப்புறம் சொல்கிற காரணம் பெரிதாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய காரணம் யாரிடமும் இருக்காது. இதை இங்கே எழுதினால் அவருக்கு நான் வக்கீல் வைத்த மாதிரி ஆகிவிடும். அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும்.)

6

1991. கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம், கையில் ஒரு ரெக்சின் பையோடு அவர் வாசலில் வந்து நின்றார்.

அம்மாதான் கதவைத் திறந்தாள். "யாரு வேணும்?"

"அன்னமா? வளந்துட்டியே."

"அத்தானா?"

உள்ளேயிருந்து வந்த ஜெயபாய் அக்கா அவரைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. மறுபடி அவரைப் பார்த்தது. "சித்தி, இவுக அந்த அப்பா இல்ல. அவுக கோட்டு போட்டிருப்பாக."

சாயங்காலம் பெரியம்மா வேலையிலிருந்து வந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி. வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து கேட்டது ஒன்றுதான். "சாப்டீகளா?"

"சாப்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. கூடுதலாக ஏதாவது பேச வைக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு பேரும் ஒத்துழைக்கவில்லை.

மறுநாள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சமாச்சாரம் கேள்விப்பட்டு மாடத்தி வந்தாள். வந்தவள் வாசலிலேயே, "என்னண்ணே, வழி தெரிஞ்சிட்டா? எம்புட்டு வருசம் ஆச்சி!" என்றாள்.

பெரியப்பா எழுந்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். வரிசையாக மாட்டியிருந்த படங்கள். எல்லாவற்றிலும் அவர். ஒன்றில் மட்டும் கன்னம் சிவந்தவராக. அவர் சிரித்தார்.

"நான் எங்க போனேன் மாடத்தி? இங்க பாரேன், வருசா வருசம் நிக்கேனே. ஒரு வருசம் உண்டா நான் இல்லாம?"

தமாஷுக்குச் சொன்னதுதான். வெட்கத்தை மறைக்கச் சொன்னதாகவும் இருக்கலாம். மாடத்தியும் சிரித்தாள். காமராஜ் அண்ணனும் சிரித்தது. அடுப்படியில் பெரியம்மா அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் வைத்திருந்தார். அதை உதற வேண்டும், முறுக்கு கழன்று மிதக்கும். உதறவில்லை. "அச்சு எண்ணெய்க்குள்ளயே நின்னுபோச்சி" என்கிறாள் அம்மா. "முறுக்கு கருகி நாத்தம் வந்த பொறவுதான் எடுத்தா."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பெரியம்மா அம்மாவிடம் சொன்னார்: "ஏட்டி, அந்தப் படமெல்லாம் பாத்தா அவிய போனதே தெரியாதுல்ல."

"தெரியக்கூடாதுன்னுதான ஒட்டுன."

"ஆமா. பிள்ளைக்குத்தான ஒட்டுனேன். இப்ப அவிய எடுத்துக்கிட்டாகளே."

கதை எழுதுகிறவனாக எனக்கு இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது, சொல்லிவிட்டு நகர்கிறேன். பிள்ளைக்கு ஒரு முகம் வேண்டும் என்று பெரியம்மா செய்தது அந்த மனிதர் வீட்டை விட்டு நகரவே இல்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. தனியாக வேலைக்குப் போனது, தனியாக நரைத்தது எதுவும் அந்தச் சுவரில் இல்லை. விடிந்தால் கிறிஸ்மஸ். மூன்று மணிக்குச் சமுத்திரம் வருவார். பெரியப்பாவை அந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டால் வரிசை முழுதாகிவிடும். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

அதைத் தடுக்கப் பெரியம்மாவுக்கு அந்த ஒரு படம்தான் மிச்சம்.

7

முடிவுகள்.

அ. "சமுத்திரம் பாயை ஓரமாக வைத்தார். பொன்னுராஜ் அந்த இடத்தில் போய் நின்றார். இடம் போதவில்லை. கல்யாணத்து ஒல்லி ஆளுக்கு விட்டுப் பழகிய இடம் அது. காமராஜ் ஓர் அடி தள்ளி நின்றான். எல்லார் கண்ணிலும் நீர்—"

அம்மா: "ஒருத்தரும் அழல. வெளிய அடுத்த வீட்டாளுக போட்டோக்காரர கூட்டிட்டுப் போக வந்து நின்னாக, அவுக முன்னாடி அழவா?"

ஆ. "ஞானபாக்கியம் சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் கவிழ்த்து—"

இது எனக்குப் பிடித்திருந்தது, இரண்டு நாள் வைத்திருந்தேன். ஆனால் பெரியம்மாவை எனக்குத் தெரியும். ஆணியில் இருக்கிறதை எடுத்தால் சுவரில் வெள்ளையாகத் தடம் தெரியும் என்று காலண்டரைக்கூடக் கழற்ற விடாதவர்.

இ. நடந்தது.

8

சமுத்திரம் வந்தார். வழக்கம்போல் தின்றுவிட்டு வந்திருந்தார். பெரியப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "மாப்ள! அடையாளம் தெரியுதா? உங்களுக்குத் தெரியாது, உங்கள எனக்கு நல்லாத் தெரியும். உங்க காது ஓரத்த வெட்டி வெட்டி எனக்குக் கண்ணு போச்சி."

பெரியப்பா தலையை ஆட்டினார்.

"அப்ப இந்த வருசம் வேலை மிச்சம். தங்கச்சி, நில்லுங்க எல்லாரும். மாப்ள, வாங்க."

பெரியம்மா மூலையிலிருந்த பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"பாய் எதுக்கு தங்கச்சி? அதான் ஆளே வந்தாச்சே."

"எப்பவும் போல எடுங்க அண்ணாச்சி."

முக்காலியைப் போட்டு, பாயை அதன் மேல் நிறுத்தினார். பழக்கத்தில் அம்மா போய்ப் பாயைப் பிடித்தாள். பெரியம்மா அவள் கையை எடுத்துவிட்டார்.

"அன்னம், நீ வந்து எம் பக்கத்துல நில்லு. நீ ஒரு படத்துலயும் இல்ல." பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். "ஏங்க, நீங்க செத்த நேரம் இந்தப் பாயைப் பிடிச்சுக்கிடுங்க."

பெரியப்பா வந்து பிடித்தார். படத்துக்கு ஒரு முழம் வெளியே நின்று, கையை நீட்டி.

எல்லாரும் பாயை ஒட்டி நின்றார்கள். பெரியம்மா இடது பக்கம், இல்லாத தோளை மறைக்கிற இடத்தில். அவர் பக்கத்தில் அம்மா. பாய்க்கு அந்தப் பக்கம் காமராஜ் அண்ணன், அண்ணன் முதுகுக்குப் பின்னால் பெரியப்பா நீட்டிய கை. பெரியம்மாவுக்கு முன்னால் ஜெயபாய் அக்கா, தோளில் பெரியம்மாவின் கை.

சமுத்திரம் குனிந்து கண்ணை வைத்தார். "ரெடி" என்றார்.

ரெடி என்றால் பாயை இழுக்க வேண்டும். அந்த அறையில் எல்லாருக்கும் அது தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பக்கத்தில் வேடிக்கை பார்த்த மாடத்திக்கும் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியாது. அவர் ஒரு வருடமும் அங்கே இல்லை.

அவர் பாயை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சமுத்திரம் கொஞ்சம் பொறுத்தார். பிறகு அமுக்கினார். பிளாஷ் அடித்தது.

"தங்கச்சி, பாயும் படத்துல விழுந்துருச்சே. இன்னொண்ணு எடுத்துருவமா?"

"போதும் அண்ணாச்சி" என்றார் பெரியம்மா.

அந்தப் படம் இப்போதும் சுவரில் இருக்கிறது. அம்மா இருக்கிற முதல் படம். நடுவில் கோரைப்பாய். பாயின் ஓரத்தில் நான்கு விரல்கள், ஆள் இல்லை. அதற்கு ஆணி அடித்து மாட்டியவர் பெரியப்பாதானாம். அடுத்த வருடப் படத்தில் அவர் நிற்கிறார், இரண்டு தோளும் தெரிகிற மாதிரி. அந்த வருடம் பாய் மூலையிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் எல்லாப் படத்திலும் அவர் உண்டு. பாயைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

9

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். "ரெடி"க்கும் பிளாஷுக்கும் நடுவில் பெரியம்மா ஏன் சொல்லவில்லை?

அம்மா சொல்கிறாள்: "மறந்துட்டா. நானும் மறந்துட்டேன். எத்தன வருசம் கழிச்சு ஆளு வந்திருக்கு, பாய் யாருக்கு ஞாபகம்?" பாயைக் கொண்டுவந்து நிறுத்தியதே அவள் அக்காதான் என்று சொன்னால், "ஒனக்கு வேலைக்கு நேரமாகல?" என்கிறாள்.

சமுத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஏன் பொறுத்தார், பொறுத்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க ஆள் இல்லை. அடுத்த வீட்டில் காத்திருந்தார்கள், அவருக்கு அசதி. அதுவும் போதுமான காரணம்தான்.

ஜெயபாய் அக்கா சொல்கிறாள்: "நான் சொல்ல வாயெடுத்தேன்டே. அப்பா, பாயை இழுக்கணும்னு. அம்ம கை எந் தோள்ல இருந்துச்சி. அழுத்துனாளா, சும்மா வச்சிருந்தாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. மொதமொதல்ல அவுகள அப்பான்னு கூப்ட இருந்தேன். அதுக்குள்ள பிளாஷ் அடிச்சிட்டு."

அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியம்மாவின் கை அக்காவின் தோளில் இருக்கிறது. விரல் அழுந்தியிருக்கிறதா என்று இன்னும் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாக உடைந்துவிட்டது.

பெரியம்மாவிடமே கேட்கலாம். இதை ஜெயபாய் அக்கா அவருக்கு வாசித்துக் காட்டத்தான் போகிறாள். பெரியம்மா, நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். நான் எழுதியதில் தப்பு இருந்தால் அக்காவிடம் சொல்லி அடித்துவிடுங்கள். தப்பு இல்லையென்றால் சும்மா இருங்கள்.

அக்கா, என் போட்டோ அனுப்பவில்லை. கோபம் இல்லை. முழு ஆளாக எடுக்க இங்கே யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம். எனக்கு விட்ட இடத்தில் சுவிட்ச் போர்டே இருக்கட்டும். நான் அந்த வருடம் இல்லை என்று பின்னால் பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும். எனக்கே ஒருநாள் மறந்துவிடலாம், வந்து நின்று சுவரைக் காட்டிச் சிரித்துவிடுவேன்.

கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. பஸ் திரும்பிவிட்டது, கிடங்கின் கதவு தெரிகிறது. உள்ளே போனால் போன் வேலை செய்யாது. அதனால் உங்களை அந்த அறையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். பின்னால் நீலப் போர்வை. ஜெயபாயின் வாய் திறக்கப் போகிறது. பொன்னுராஜ் கையை நீட்டிப் பாயைப் பிடித்தபடி பெரியம்மாவைப் பார்க்கிறார், சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று கேட்கிற மாதிரி. பாயை இழுக்க வேண்டும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது.

சமுத்திரம் "ரெடி" என்று சொல்லிவிட்டார். சொல்வதானால் இப்போதே சொல்லுங்கள்.